வைத்தியரின் அறையை அளப்பது எவ்வாறு?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், கோயிலுக்கும் சாலைக் கடைத்தெருவிற்கும் இடையே வாழும் முதியோரை அணுகி, நல்ல வைத்தியர் யார் என வினவினால் விடை தயக்கமின்றிக் கிடைக்கும். கூட்டம் மிகுந்தவரே நல்லவர்; அவருக்குக் கைராசி உண்டு; ஓர் ஊசியில் காய்ச்சல் இறங்கிவிடும். இந்த அபிப்பிராயத்தை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. இன்சொல்லும் நம்பிக்கையும் சிகிச்சையின் பகுதிகளே. ஆயினும் பெரும்பாலான காய்ச்சல்கள் சில நாட்களில் தாமாகவே தணிபவை. கடைசியாக உட்கொண்ட மருந்தே அதற்குரிய புகழைப் பெறுகிறது. தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுத மறுக்கும் வைத்தியர் நோயாளிகளை இழக்கிறார். தாராளமாக எழுதுபவர் பெயர் பெறுகிறார்.

சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செய்முறை, விளைவு என்னும் மூன்று நிலைகளில் ஆராயவேண்டும் என்று அவேடிஸ் டோனபீடியன் 1966-ஆம் ஆண்டில் எழுதினார். இவற்றுள் அமைப்பை அளப்பது எளிது. 2018-ஆம் ஆண்டின் கேரள மருத்துவ நிலையங்கள் சட்டம் பதிவையும், குறைந்தபட்ச வசதிகளையும், கட்டண அறிவிப்பையும் வற்புறுத்துகிறது. இவை வேண்டுவனவே. எனினும், சுவரில் தொங்கும் சான்றிதழ் நன்றாயிருப்பதால் மேசைக்கு அப்பால் நடக்கும் உரையாடலும் நன்றாயிருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்கிற்று. ஜிஷ்ணு தாஸ் முதலியோர் உள்ளூர் மக்கள் சிலருக்குப் பயிற்சி அளித்து, நெஞ்சுவலி, ஆஸ்துமா போன்ற நோய்க்குறிகளைக் கூறும் நோயாளிகளாக வைத்தியர்களிடம் அனுப்பினர். கேட்டேயாகவேண்டிய கேள்விகளிலும் செய்தேயாகவேண்டிய பரிசோதனைகளிலும் மூன்றில் ஒரு பங்கே நிறைவேறியது என 2012-இல் வெளியான முடிவுகள் கூறின. ஒரே வைத்தியர் அரசு நிலையத்தில் காட்டுவதைவிடத் தம் சொந்த அறையில் அதிகக் கவனம் காட்டினார் என்பது 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. குறை அறிவில் மட்டும் இல்லை என்பது இதனால் புலனாகும். அறிந்ததைச் செய்வதில்தான் பெரும் இடைவெளி.

மாறுவேட நோயாளியைத் தெருத்தோறும் அனுப்புதல் நடவாத காரியம். அதற்கு அவசியமும் இல்லை. கேரளத்தில் வயது வந்தோருள் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இரத்த அழுத்தம் மிகுதி. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருப்போர் ஆறில் ஒருவருக்கும் குறைவு என்று 2016-17-இல் நடந்த ஆய்வு தெரிவித்தது. சுகாதாரத்தில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் நிலை இது! பக்கவாதமும் மாரடைப்பும் இந்த வழியாகவே வீட்டிற்குள் நுழைகின்றன. காய்ச்சலைப்போல் இந்நோய் தானே தணிவதில்லை. ஆகவே இதில் கைராசிக்கு இடமில்லை.

2017-இல் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம், கேரளம் உள்ளிட்ட மாநிலங்களின் அரசு நிலையங்களில் இந்த அளவுகோலையே கையாண்டது. பதிவு பெற்ற நோயாளிகளுள் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ் உள்ளது என்பது கணக்கிடப்படுகிறது. திரும்பி வராதவரும் கணக்கில் சேர்கின்றனர். இது மிக முக்கியம். வராதவரைப் பற்றி வைத்தியரின் அறையில் பொதுவாக எவரும் நினைப்பதில்லை.

இந்தக் கணக்கைத் தனியார் வைத்தியரின் அறைக்கும் விரிவாக்க வேண்டும். கடினமான நோயாளிகளை வைத்தியர் தவிர்ப்பார் என்ற ஆட்சேபணை எழக்கூடும். அதில் நியாயமும் உண்டு. ஆதலால் முதலில் எண்களைப் பகிரங்கப்படுத்தாமல், வைத்தியர் தம் சென்ற ஆண்டின் எண்ணோடு இவ்வாண்டின் எண்ணை ஒப்பிடுமாறு செய்தல் தகும். இதற்குக் கருவியோ கட்டடமோ தேவையில்லை. ஒரு பதிவேடும், அதை மாதந்தோறும் புரட்டிப் பார்த்து, வராத முதியவருக்குத் தொலைபேசியில் சொல்லி அனுப்ப ஓர் உதவியாளரும் போதும்.