எழுதிவைக்காத தூசி

பட்டறை, ஆலை, கட்டட வேலை என்று மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். எங்களுக்குச் சட்டம் இல்லையென்று சொல்லித் தப்பிக்க முடியாது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரி 27 அன்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தொழிலாளியின் உடல்நலம் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடக்கம் என்றது. கல்நாரில் (ஆஸ்பெஸ்டாஸ்) வேலை செய்பவரின் உடல்நலப் பதிவை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் காக்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் நோய் உறுதியானவர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அந்த ஆண்டு எங்கள் சங்கக் கூட்டங்களில் போனஸைப் பற்றிப் பேசினோம், கேன்டீன் சாம்பாரைப் பற்றிக்கூடப் பேசினோம். தூசியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தூசி இல்லாமலா இருந்தது? நீராவி எஞ்சின் காலத்தில் பாய்லருக்கும் குழாய்க்கும் சூடு காக்கக் கல்நார் சுற்றுவது உலகெங்கும் வழக்கம். பிரேக் லைனிங்கிலும் அதுதான். கராஜில் டிரம்மைக் கழற்றி ஏர் அடித்தால் எழும் புகையில் நின்றுகொண்டே டீ குடித்தோம். கல்நார் ஷீட்டு போடும் கொத்தனார் ரம்பத்தால் அறுத்தார், டிரில் போட்டார், மூக்கில் துண்டுகூடக் கட்டவில்லை. வீட்டுக்கு வந்த சட்டையை உதறித் துவைத்தவர்கள் எங்கள் அம்மாக்கள். வேலைக்கே போகாமல், துவைத்த துணி வழியாக நோய் வாங்கிய பெண்களைப் பற்றி மருத்துவம் அறுபதுகளிலேயே பதிவு செய்திருக்கிறது.

அந்த நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. நுரையீரலில் தங்கினால் கரையாது. மெல்ல மெல்லத் திசுவைத் தழும்பாக்கும். அதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றோ இருபது, நாற்பது ஆண்டுகூடக் காத்திருக்கும். அதற்குள் ஆள் ஓய்வுபெற்று, சேலத்துப் பக்கமோ தர்மபுரிப் பக்கமோ ஊருக்குப் போயிருப்பார். மூச்சு வாங்கினால் "பீடி குடிச்சாரு, அதான்" என்று முடித்துவிடுவோம். அது பாதி உண்மை. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் அபாயம் பல மடங்காகும். மீதிப் பாதியை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மைசூரில் நெஞ்சு நோயென்றால் கே.ஆர்.எஸ். சாலை சானடோரியம். அங்கே வரிசையில் நின்றபோது எத்தனை நாள் இருமல் என்று சொன்னோம், சளியில் ரத்தம் வந்ததைச் சொன்னோம். முப்பது வருஷம் என்ன வேலை பார்த்தோம் என்பதைச் சொல்லவில்லை. டாக்டர் கேட்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், நாக்கு எங்களுடையதுதானே.

இழப்பீடு கேட்க வேண்டும் என்று தோன்றியபோது கையில் ஒன்றும் இல்லை. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. ஆனால் வேலையை விட்டவருக்கு, விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்று அந்தச் சட்டம் கணக்குப் போட்டது. இருபது ஆண்டு கழித்துத் தலைகாட்டும் நோய்க்கு இரண்டு ஆண்டு வாசல்! தாமதத்துக்குக் காரணம் காட்டி ஆணையரிடம் வாதாட வழி இருந்தது. வாதாடச் சீட்டு வேண்டுமே. டோக்கனைத் தொலைத்தோம், சம்பளச் சீட்டை அடுப்பில் போட்டோம், எக்ஸ்ரே படத்தைக் கிரகணம் பார்க்கப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர்களுக்கு மஸ்டர் ரோலில் பெயரே கிடையாது. பெயரைச் சேர்க்கச் சொல்லி நிரந்தரத் தொழிலாளிகளாகிய நாங்கள் ஒருநாளும் நிற்கவில்லை. எங்கள் சங்கத்தில் அவர்களுக்கு இடமும் கொடுக்கவில்லை. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நாட்டின் கல்நார் இருப்பில் ராஜஸ்தானுக்கு அடுத்த இடம் கர்நாடகத்துக்கு. புதிய சுரங்கக் குத்தகையை 1986இல் நிறுத்திய அதே மத்திய அரசு, ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் கல்நாரை இறக்குமதி செய்ய விட்டது. எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005க்குள் தடை போட்டது, கனடா 2018இல். தில்லியைத் திட்டுவது எங்களுக்குச் சுலபம். எங்கள் வட்டாரத்தில் ஓட்டுக் கேட்டு வந்த யாரிடமும் இதைக் கேட்டதில்லை.

ஷீட்டு உடையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. நாங்கள் உடைந்த துண்டுகளைச் சந்துப் பள்ளத்தில் போட்டு மிதித்துச் சமன் செய்தோம், கோழிக்கூட்டுக்கு மூடினோம். இப்போதும் வாடகைக்கு மாடியில் ஒரு ஷீட்டு வீடு எழுப்புகிறோம். ஆணியடிக்கும் பையன் ஷீட்டை நனைத்துவிட்டு அறுக்க ஒரு குடம் தண்ணீர் போதும். அதைக்கூடக் கொடுக்கவில்லை.