அரை மில்லிமீட்டரை மறைத்த வாதம்

செவிப்பறை ஓட்டையை அடைக்கக் குருத்தெலும்பே தேவையில்லை, காதுக்கு மேலுள்ள பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை, அதாவது டெம்போராலிஸ் ஃபேசியா, எல்லாக் காதுக்கும் போதும் என்று தம் கட்டுரையில் அடித்துச் சொல்கிறார் ஒரு மருத்துவர். அவர் காட்டும் காரணம் ஒன்றே ஒன்று: குருத்தெலும்பு தடிமனானது, தடித்த பறை அதிராது, நோயாளிக்குக் காது மந்தம் தீராது.

பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு எழுதுகிறார். இயற்கையான செவிப்பறை ஏறத்தாழ 0.1 மி.மீ., காதுமடலில் எடுக்கும் குருத்தெலும்பு சுமார் 1 மி.மீ. ஆனால் அதை அப்படியே வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஜெர்மனியின் சானெர்ட் குழுவினர் 2000-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள்: 0.5 மி.மீ. அளவுக்குச் சீவினால் ஒலி இழப்பும் குறைவு, உறுதியும் நிற்கும். இரண்டு ஒட்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளிலும் கேட்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. இவற்றில் ஒன்றுகூட அவர் கட்டுரையில் இல்லை.

அதைவிட மோசம், நடுச்செவிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் யூஸ்டேஷியன் குழாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது. நாள்பட்ட சீழ்க்காதில் அந்தக் குழாய் பெரும்பாலும் சரியாகத் திறப்பதில்லை. நடுச்செவியில் காற்றழுத்தம் குறைகிறது. மெல்லிய ஃபேசியா நாளடைவில் தேய்ந்து உள்ளே இழுபடுகிறது. அங்கே பை விழுந்து தோல் சேர்ந்தால் கொலஸ்டியட்டோமா. அது எலும்பையே அரிக்கும். இந்த இழுப்பைத் தாங்கி நிற்பதற்காகவே குருத்தெலும்பு வந்தது. 1950-களில் ஊல்ஷ்டைன், சோல்னர் என்ற மருத்துவர்கள் ஓட்டையை அடைக்கத் தோலை ஒட்டினார்கள். அது நிலைக்காததால்தான் இன்று அவர் போற்றும் ஃபேசியாவே இடம்பிடித்தது. நிலைக்காததை மாற்றுவது அன்று சரி என்றால் இன்று மட்டும் தவறா?

குருத்தெலும்பின் மீது சொல்லத்தக்க நியாயமான குறை ஒன்று உண்டு: அது ஒளி ஊடுருவாதது, பின்னால் நோய் மறுபடி வளர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம், சிலருக்கு இரண்டாம் முறை திறந்து பார்க்கிறோம். அவர் அதையும் எழுப்பவில்லை.

சிறிய, உலர்ந்த, நடு ஓட்டைக்கு ஃபேசியாவே போதும். அதில் யாருக்கும் சண்டையில்லை. அந்த எளிய காதுகளின் வெற்றியைக் கொண்டுவந்து, பறை முழுவதும் போனவர்கள்மீதும் முன்பே அறுவை தோற்றவர்கள்மீதும் சட்டமாக ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். இரண்டு முறை ஃபேசியா வைத்தும் பறை உள்ளே போன நோயாளிக்கு மூன்றாம் முறையும் அதையே வைப்பாரா? அந்த நோயாளி அவருடைய கட்டுரையில் எங்குமே இல்லை.