கடன் தீர்க்க வந்த கதைகள்

"அடுத்த நவீனம் எப்போது வரும்?" சரித்திர நவீனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஓயாமல் செவிமடுக்கும் கேள்வி இது. ஒரு கதையின் நாயகி மாலை சூடி முடிப்பதற்குள் அடுத்த கதையின் குதிரைக் குளம்போசை நமக்குக் கேட்டாக வேண்டும்! அப்படிக் கேட்க வாசகர்களாகிய நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் நாம் தெரிந்து கொள்வது நல்லது.

அவர் ஸ்காத்லாந்து தேசத்து ஸர் வால்டர் ஸ்காட். முதல் நவீனமாகிய 'வேவர்லி'யை எழுதத் தொடங்கிவிட்டு, பாதியிலே மேஜைக்குள் போட்டு வைத்தார். பல வருஷங்கள் கழித்துத் தூண்டில் சாமான் தேடியபோது அந்தக் கைப்பிரதி அகப்பட்டது. 1814-ல் ஆசிரியர் பெயரில்லாமலே புத்தகம் வெளிவந்தது. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் புது நவீனம்தான். 'வேவர்லியின் ஆசிரியர்' என்ற குறிப்பு ஒன்றே போதும், ஜனங்கள் புத்தகக் கடைகளை மொய்த்துக் கொள்வார்கள். எழுதப் போகும் புத்தகத்துக்கே பிரசுரகர்த்தர்கள் முன்பணம் கொடுத்தார்கள்.

வினை அங்கேதான் இருந்தது. அச்சுக்கூடத்திலே ஸ்காட்டும் ஒரு பங்காளி. 1826-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் பிரசுராலயமும் அச்சுக்கூடமும் சேர்ந்து முறிந்தன. அவர் தலையில் விழுந்த கடன் 1,20,000 பவுனுக்கு மேல். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். சட்டம் குறுக்கே நிற்கவில்லை. அவர் மாட்டேன் என்றார். எழுதியே தீர்த்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார்.

அந்த வருஷமே மே மாதம் அவருடைய மனைவி காலமானார். ஆயினும் எழுத்து நிற்கவில்லை. 'வுட்ஸ்டாக்' அதற்குச் சற்று முன்பே வந்திருந்தது. நெப்போலியன் சரித்திரம் ஒன்பது பாகமாக வந்தது. 1827-ல் வெளியான ஒரு கதை நம்முடைய பக்கத்துக்கே வந்து சேர்ந்தது! 'ஸர்ஜனின் மகள்' என்ற அந்தக் கதையின் பிற்பகுதி சென்னப்பட்டணத்திலும் மைசூர் ராஜ்யத்திலும் நடக்கிறது. ஹைதர் அலியே பக்கிரி வேஷத்தில் வருகிறார். நம் நாட்டைக் கண்ணால் காணாதவர் எழுதியது அது. இந்தியாவைப் புத்தகத்திலே மட்டும் பார்த்தவரின் கைவரிசை அதில் தெரிகிறது. ஆனால் கடன்பட்டவரின் அவசரத்தை நாம் குறை சொல்ல மாட்டோம்.

1830-ல் பாரிசவாயு கண்டது. அந்த வருஷக் கடைசியில், கடன்காரர்களே மனம் இளகி, அவருடைய புத்தகசாலையையும் வீட்டுச் சாமான்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். நண்பர்கள் ஓய்வெடுத்துக் கொள்ளச் சொன்னார்கள். அவரோ சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக் கொள்ளும்படி மேலும் இரண்டு நவீனங்களை முடித்தார்.

பிறகு, உடம்பு தேறுவதற்காக அரசாங்கமே கொடுத்த போர்க்கப்பலில் 1831-ல் மால்டா தீவுக்கும் நேப்பிள்ஸ் நகரத்துக்கும் போனார். அங்கும் எழுதினார்! 1565-ல் துருக்கியர் மால்டாவை முற்றுகையிட்ட வரலாற்றைச் சிறு வயதிலேயே படித்து மனத்தில் வைத்திருந்தார். அதுவே 'மால்டா முற்றுகை' ஆயிற்று. அடுத்து 'பிஸாரோ' என்று ஒரு கொள்ளைக்காரனின் கதை. முன்னது போகப் போகக் கதையாக இராமல் வெறும் சரித்திரக் குறிப்பாகி விடுகிறது. பின்னது முடியவே இல்லை. இதற்குள், கடனெல்லாம் தீர்ந்துவிட்டது என்ற பிரமை அவருக்கு உண்டாகிவிட்டது. உண்மையில் அது முழுவதும் தீர்ந்தது 1847-ல்தான்.

இவ்விரண்டும் ஒருநாளும் அச்சேறக் கூடாது என்றார், அவருடைய ஜீவிய சரித்திரத்தை எழுதிய மருமகர் லாக்ஹார்ட். ஆனாலும் 2008-ல் அவை அச்சாகி வெளிவந்தன. இது நியாயமா?

நியாயந்தான் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 'ஐவன்ஹோ' வைத்திருக்கும் அலமாரித் தட்டிலே இவற்றை வைக்கக் கூடாது. இவை நவீனங்கள் அல்ல. தளர்ந்து போன ஒரு கை, கொடுத்த வாக்கை விட மனமில்லாமல் எழுதிய கடன் பத்திரங்கள். அப்படி நினைத்துப் படிப்பவனுக்குத் தப்பும் தவறுமான ஒவ்வொரு வாக்கியமும் பெரிதாகத் தோன்றும்.

1832-ல் ஊர் திரும்பிய ஸ்காட், ஒருநாள் தம்மை மேஜையருகே கொண்டுபோய் உட்கார வைக்கச் சொன்னார். மகள் பேனாவைக் கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை, பேனா நழுவி விழுந்தது. அவர் கண்களில் நீர் பெருகியது. அந்தச் செப்டம்பரில் காலமானார்.

அடுத்த தடவை நமக்குப் பிடித்த ஆசிரியரின் புதுத் தொடர்கதை ஒரு வாரம் தாமதமானால், நேயர்களே, கோபக் கடிதம் எழுத உட்காருமுன் அந்த மேஜையைச் சற்று நினைத்துக் கொள்வோம்.