கடித்த சிலந்தி எந்த ஊர்?

2023இல் வந்த ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்’ படத்தில் ஓர் இடம் என்னை விட்டுப் போகவே இல்லை. நாயகன் மைல்ஸைக் கடித்த சிலந்தி வேறோர் உலகத்தது, அவன் ஸ்பைடர்மேன் ஆகியிருக்கவே கூடாது என்கிறான் பல உலக ஸ்பைடர்மேன்களின் தலைவன் மிகேல். ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை அறிந்த கண்டிக்காரருக்கு இது பழகிய சொல். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரிடம் சொன்னதும் ‘நீங்கள் வேறு நாட்டவர்’ என்பதைத்தானே? படம் வந்த அதே ஆண்டில்தான் மலையகம் எங்கள் மூதாதையர் தோட்டங்களுக்கு வந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தது. இருந்தும் நகரத்துக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிலர், ஊரைக் கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு ‘கண்டிப் பக்கம்’ என்பார்கள். மைல்ஸும் பெற்றோரிடம் பொய் சொல்லி நழுவுகிறவன்தான். அவன் தோழி க்வென் அவனிடமே உண்மையை மறைக்கிறாள். இந்தப் பிழைகளைப் படம் கழுவித் துடைக்காததால்தான் அவர்களை நம்ப முடிகிறது. மிகேலும் கொடியவன் அல்ல. தனதல்லாத ஒரு குடும்பத்துக்குள் புகுந்து, அந்த உலகமே சிதைந்ததைக் கண்டவன். அந்த வலியைச் சட்டமாக்கி எல்லோர் தலையிலும் சுமத்துகிறான். மைல்ஸ் அதற்குப் பணியவில்லை. வீட்டுக்கென்று ஓடியவன் வேறோர் உலகத்தில் போய் விழுகிறான். அங்கே அம்மாவின் முகம் இருக்கிறது, அவனைத் தெரிந்த அம்மா இல்லை.