புது வீட்டுக் கொல்லையில் என்ன முளைத்திருக்கிறது?

பழைய வீட்டை வாங்கிக் குடிபோகிற பலர், முதல் வாரமே ஜேசிபியை வரவழைத்துக் கொல்லையை மொட்டையடித்துவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் பொறுங்கள். மஞ்சள் கோடையில் இலை காய்ந்து மண்ணுக்குள் உறங்கும். மழை விழுந்ததும் தலைகாட்டும். வெட்டிப்போட்ட முருங்கையின் அடிமரம் மறுபடி துளிர்க்கும். கறிவேப்பிலை வேரிலிருந்தே கன்று விடும்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவைக்க முடியாது. பாம்பு, தேள் பயம் உண்டு. வாசலையும் நடக்கிற வழியையும் உடனே சுத்தம் செய்யுங்கள். கேரட் இலை போன்ற இலையும் பொடிப்பொடியான வெள்ளைப் பூவும் கொண்டது பார்த்தீனியம். தோல் அரிப்பு, மூச்சிரைப்பு தரும். கையுறை போட்டு, பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். புனல் போன்ற பூவும் முள்காயும் இருந்தால் அது ஊமத்தை. விதை உட்பட முழுச்செடியும் விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இவை வேண்டாம்.

இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் குட்டிக்காய் தெரிந்தால் கீழாநெல்லியாக இருக்கலாம். ஆனால் அதேபோல் இருக்கும் வேறு செடிகளும் உண்டு. செல்போன் செயலி காட்டும் பெயரை நம்பி எதையும் சட்டியில் போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். செடியின் பெயரோடு, அதை நட்டவர் யார் என்பதும் தெரியவரலாம்.