அவன் இந்திக்காரன் அல்ல!

"வடக்கன் வந்தான், கூலி போச்சு!"

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வாயிலிலே, தேநீர்க் கடைகளிலே, சனிக்கிழமைச் சம்பளத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பும் உழைப்பாளிகளின் பேச்சிலே, இப்போது அடிக்கடி காதில் விழுகிறது இந்த வாசகம். மாற்றார் கூறினால் சிரித்துவிட்டு நடக்கலாம். கூறுபவர் நம்மவர்! கரைவேட்டி கட்டியவர், சங்கத்துக்குச் சந்தா செலுத்துபவர். அதற்கு ஒரு கொள்கைச் சாயமும் ஏற்றுகிறார்கள். "இந்தியை எதிர்த்த இயக்கத்தான் நான்; இந்திக்காரனை எப்படி அருகில் அமர்த்துவேன்?" என்கிறார்கள். சாயம் ஏற்றுவது திருப்பூருக்குப் புதிதல்ல. ஆனால் இந்தச் சாயம் ஒரு சலவைக்கும் நிற்காது, தோழர்களே!

யார் அந்த வடக்கன்? பக்கத்து ஓவர்லாக் மிஷினிலே பத்து மணி நேரம் குனிந்திருக்கிறானே, அவனிடம் பெயர் கேட்டதுண்டா? தாய்மொழி எது என்று கேட்டதுண்டா? கேட்டுப் பாரீர்! ஒருவன் ஒடியா என்பான். 1936ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், மொழியின் பெயரால் தனி மாகாணம் கண்டவர்கள் ஒடியா மக்கள். ஆந்திரம் அமைந்தது 1953இல். நமக்கு எல்லை வகுக்கப்பட்டது 1956 நவம்பரில். மொழிவழி மாநிலம் கண்டதிலே நமக்கு 20 ஆண்டு மூத்தவன் அவன்! அவனைப் போய் இந்திக்காரன் என்கிறோம். இன்னொருவன் பீகாரின் மிதிலைப் பகுதியான். அவன் மொழி மைதிலி. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலே அதற்கு இடம் கிடைத்தது 2003இல், 92ஆம் திருத்தத்தின் மூலம். ஜார்க்கண்ட் காட்டோரத்திலிருந்து வந்த சந்தாலிக்கும் அதே திருத்தத்தில்தான் இடம். அவன் மொழிக்கு ஓல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு. போஜ்புரி பேசுகிறவன் கதையோ இதைவிட வேதனை. 2011 மக்கள் கணக்கெடுப்பிலே, போஜ்புரியைத் தாய்மொழி என்று எழுதிக் கொடுத்தவர் 5 கோடிப் பேர். அந்த 5 கோடியையும் தனிமொழியாக எண்ணாமல், இந்தியின் கணக்கிலே வரவு வைத்துக்கொண்டது டில்லி!

எண்ணிப் பாரீர். வடக்கே உள்ள அத்தனை மொழியையும் விழுங்கி, எல்லாம் இந்தியே என்று ஏப்பமிட விரும்புவது டில்லியின் ஆதிக்கப் போக்கு. அந்த வேலையை, சம்பளம் வாங்காமல், திருப்பூர்த் தேநீர்க் கடையிலே நாம் செய்து கொடுக்கிறோம் — 'இந்திக்காரன்' என்ற ஒற்றைச் சொல்லாலே!

நமக்கும் நடந்தது இது. 1966இல் பம்பாயிலே சிவசேனை தோன்றியபோது, அதன் முதல் இலக்கு யார்? தாராவியிலும் மாதுங்காவிலும் பிழைக்கப் போன தென்னாட்டார். தமிழனா, மலையாளியா, கன்னடத்தானா என்று எவரும் கேட்கவில்லை. 'மதராசி' என்று ஒரே மூட்டை கட்டி, 'வேலையைப் பறிக்க வந்தவன்' என்று அதன்மேல் சீட்டு ஒட்டினர். அந்தச் சொல் நமக்கு எவ்வளவு எரிந்தது! இலங்கையிலே அதைவிடக் கொடுமை. மலையைக் குடைந்து தேயிலை வளர்த்த தமிழனின் குடியுரிமையை 1948இல் ஒரு சட்டத்தால் பறித்தார்கள். பிறகு 1964இல், சாஸ்திரியும் சிறீமாவோவும் அமர்ந்து, 5,25,000 பேர் இங்கே, 3 இலட்சம் பேர் அங்கே என்று சரக்கைப் போலப் பங்கு பிரித்தார்கள். அயலூரில் உழைத்து, அந்நியன் என்று பெயர் வாங்கியவன் வலியை உலகில் எவர் மறந்தாலும் தமிழன் மறக்கலாமா?

1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றோர் எதிர்த்தது ஆணையை. 1939இல் நடராசனும் தாளமுத்தும் உயிர் ஈந்தது ஆதிக்கத்தை எதிர்த்து. எந்த ஊர்க் கூலியாளையும் எதிர்த்து அல்ல. திணிப்பவன் வேறு, பிழைக்க வருபவன் வேறு. இந்த வேற்றுமை தெரியாதவனுக்கு அந்தப் போராட்டம் எதற்கு நடந்தது என்பதே தெரியாது என்பேன்.

சரி, கூலிக்கு வருவோம். வயிற்றுக்கு விடை சொல்லாத கொள்கை எவனுக்கு வேண்டும்?

'வடக்கன் வந்தான், கூலி போச்சு' என்கிறீர்கள். வரிசை மாறிப் போயிற்று, தோழர்களே! 1984ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் நடந்ததே திருப்பூரிலே, அந்த நாளில் ஒடிசாவிலிருந்து இரயிலேறி எவனும் வந்து குவியவில்லை. அந்தப் பெரும்போருக்குப் பிறகு நடந்தது என்ன? ஒரே கூரையின் கீழ் நடந்த வேலை துண்டு துண்டாயிற்று. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பவர் டேபிள் மூன்றாமிடம், செக்கிங் நாலாமிடம். ஜாப் ஒர்க்கும் பீஸ் ரேட்டும் காண்டிராக்டும் பெருகின. ஒரு கம்பெனியில் ஆயிரம் பேர் நின்ற காலம் போய், இருபது பேர், முப்பது பேர் என்று சந்துக்குச் சந்து சிதறினோம். சங்கத்தின் முதுகெலும்பு முறிந்தது அங்கே. ஒடியாக்காரன் வந்து சேர்ந்தது, முறிந்து கிடந்த அந்த இடத்திலே!

அவனை மலிவாக்குவது எது? அவன் பிறந்த ஊரா, பேசும் மொழியா? இல்லை. காண்டிராக்டரின் நோட்டுப் புத்தகம்! கம்பெனிக்காரர் பீஸுக்கு இவ்வளவு என்று காண்டிராக்டரிடம் கொடுக்கிறார். தகரக் கூரை போட்ட அறையிலே எட்டுப் பேர், பத்துப் பேரை அடைத்து, அறை வாடகை, அரிசி, வந்த இரயில் டிக்கெட் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நீட்டுகிறான் காண்டிராக்டர். அவன் பெயர் கம்பெனி ரிஜிஸ்டரில் இருக்காது. பி.எப். இராது, இ.எஸ்.ஐ. இராது. விரல் போனால் கேட்க நாதியிராது. வெளிமாநிலத்தாருக்கும் அதே வேலைக்கு அதே கூலி என்று 1979லேயே மத்திய சட்டம் சொன்னது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அது அடக்கப்பட்டும்விட்டது. ஏட்டில் எது மாறினாலும் காண்டிராக்டரின் நோட்டு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று நம் தோழன் சொன்னால், 'பரவாயில்லை, அவனைக் கூப்பிடு' என்கிறார் சூப்பர்வைசர். அவன் மறுக்க மாட்டான். மறுத்தால் அன்றிரவு படுக்க இடமில்லை!

இது புதிய தந்திரமும் அல்ல. தேனியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் நம் சொந்தத் தமிழன் வந்து இறங்கியபோது, அவனைத் 'தெற்கத்தியான்' என்று ஒதுக்கினோமே, மறந்துவிட்டதா? 'எந்த ஊர்? ஊரிலே எந்தப் பக்கம்?' என்று கேட்டு, சாதியைத் தெரிந்துகொண்டு, பிறகு தண்ணீர்ச் சொம்பை எந்தக் கையால் நீட்டுவது என்று முடிவு செய்தோர் இல்லையா? பிசிறு வெட்டும் பெண்ணுக்கு ஆணைவிடக் கூலி குறைவு என்றபோது, அது இயற்கை என்று வாளாவிருந்தோமே! பெண்ணுக்குக் குறைத்த கையே தெற்கத்தியானுக்குக் குறைத்தது. இன்று ஒடியாக்காரனுக்குக் குறைக்கிறது. நாளைக்கு நமக்கு.

பனியன் தொழிலே ஊர் விட்டு ஊர் வந்த தொழில்தான். ஒரு காலத்தில் பனியன் என்றால் கல்கத்தா. 1920களிலே குலாம் காதர் என்ற இசுலாமியப் பெருமகன் இங்கே நிட்டிங் தொழிலுக்கு விதை ஊன்றினார். 'வெளித்தொழில் வேண்டாம்' என்று அன்று விரட்டியிருந்தால், இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி நடக்கும் ஊராக இருந்திருக்குமா இது?

பிரித்து வைப்பதன் பலனை 2023இல் கண்டோம். ஜனவரியில் திருப்பூரில் ஒரு கைகலப்பு. அதன் காட்சியைக் கைப்பேசிக்குக் கைப்பேசி பரப்பித் தமிழன் கொதித்தான். மார்ச்சில் மறுபுறம்: தமிழகத்தில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று, எங்கோ நடந்த சம்பவங்களின் காட்சிகளை ஒட்டி ஒரு பொய்! ஹோலிக்கு ஊர் போக இருந்தவர்களும் அஞ்சி ஓடுகிறார்கள் என்று செய்தியாயிற்று. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பிப் பார்த்தது; பொய் என்று தெரிந்தது. பொய் பரப்பியவர்கள் மீது வழக்குகளும் பாய்ந்தன. ஆனால் அந்தப் பொய் எப்படி அவ்வளவு விரைவாக வேர் பிடித்தது? பக்கத்து மிஷின்காரனிடம் 'அப்படியா நடக்கிறது?' என்று கேட்கும் அளவுக்குப் பழக்கமில்லை, தோழர்களே. பழகியிருந்தால் ஒரே வார்த்தையிலே செத்திருக்கும் அந்தப் பொய்.

இதை மாற்ற முடியுமா என்றால், திண்டுக்கல்லைப் பாரீர். 2021 ஜனவரியில், அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஆதிதிராவிடப் பெண் ஒருத்தி கொலையுண்டாள். கைதானவன் அவளுடைய மேற்பார்வையாளன். கண்ணீர் விட்டுக் கலைந்து போகவில்லை, பெண்கள் தலைமையேற்று நடத்திய தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் காமன் லேபர் யூனியன். 2022 ஏப்ரலில், நிறுவனத்தையும் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளையும் கையெழுத்திட வைத்தது. பெண் என்று, இன்ன சாதி என்று, வேற்றூரான் என்று எவரையும் இழிவு செய்யலாகாது; செய்தால் முறையீட்டை விசாரித்துத் தீர்ப்பளிக்க ஏற்பாடு உண்டு; ஆலைக்குள்ளேயே அதைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற தொழிலாளிகள் உண்டு. மூன்று பேதத்தையும் ஒரே தாளில் வைத்துக் கட்டினர் பாருங்கள்! படித்த மேதாவிகள் அல்ல, தையல் மிஷின் மிதிக்கும் பெண்கள்.

நாம் என்ன செய்யப் போகிறோம்? என் யோசனையைக் கூறுகிறேன். முகம் சுளிப்பவர் சுளிக்கட்டும். சங்க உறுப்பினர் படிவத்தை ஒடியாவிலும், வங்காளத்திலும், இந்தியிலும் அச்சடியுங்கள்! "சங்கப் பலகையிலே இந்தி எழுத்தா?" என்று ஒரு தோழர் என்னிடமே சீறினார். ஆமாம், தோழரே! நம் பிள்ளையின் மீது டில்லி சுமத்தினால் அது திணிப்பு. படிக்கத் தெரிந்த எழுத்திலே ஒரு உழைப்பாளிக்கு அவன் உரிமையை நாமே எழுதிக் கொடுத்தால், அது திணிப்பா? தமிழ்ப் படிவத்தை மட்டும் அவன் கையில் திணித்து, 'புரியாவிட்டால் போ' என்றால், டில்லி நமக்குச் செய்ததை நாம் அவனுக்குச் செய்கிறோம், வேறென்ன? அவன் தமிழ் கற்க விரும்பினால், ஞாயிறு மாலை சங்கக் கட்டிடத்திலேயே வகுப்பு வைப்போம். பேசப் பழகிவிட்டவர்கள் ஏராளம்; எழுதத்தான் தெரியாது.

இன்னொன்று. கூலிப் பேச்சுக்குப் போகும் நம் குழுவிலே பெண் எத்தனை பேர்? வெளிமாநிலத்தான் ஒருவனாவது உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்கள் முறையிட உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் கம்பெனியிலே அந்தக் குழு யார் யார் என்று நாளைக் காலையிலேயே கேளுங்கள்.

படிவத்தை அச்சடிக்கப் பணம் இல்லை என்பார்கள். மாநாட்டுச் சுவரொட்டிக்குக் கிடைத்த பணம் இதற்குக் கிடைக்காதா? முதல் கட்டு ஒடியாவில் அச்சாகட்டும். அடுத்த சனிக்கிழமை, சம்பளம் போடும் நேரத்திலே, அதை எடுத்துக்கொண்டு அந்தத் தகரக் கூரை அறைக்கு யார் வருகிறீர்கள்?