சோறிட்ட கையும் சீறிய வாயும்

26-12-2004, ஞாயிற்றுக்கிழமை. கிறித்து பிறப்பு விழாவின் மறுநாள். சுமத்திராத் தீவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்க, எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையில் ஏறத்தாழ 8,000 உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் மாண்டவர் 600க்கு மேற்பட்டோர். தேவனாம்பட்டினமும் சிங்காரத்தோப்பும், தெற்கே தில்லையை அடுத்த கிள்ளைக் கழிமுகத் திட்டுகளும் ஒரே முற்பகலில் இழவுக் களங்களாயின.

கண்ணீர் காயுமுன்பே ஒரு கூச்சல் கிளம்பியது: “கிறித்தவத் தொண்டர் வந்துவிட்டனர், சோற்றைக் காட்டி மதம் மாற்றுகின்றனர்!” கூவியவர் எங்கிருந்து கூவினர்? சேற்றில் நின்றா? பிணம் சுமந்தா? எல்லா நெறியினரும் அக்கரையில் உழைத்தனர். பறங்கிப்பேட்டை இசுலாமியர் ஊர்கூடிச் சோறாக்கி மீனவர்க்கு வழங்கினர். உழைத்த எவரையும் பற்றியதன்று இவ்வுரை. நிழலில் அமர்ந்தபடி, மாறியவனை ஏசினாரே, அவரைப் பற்றியது.

மாறியவன் யார்? பெற்ற மகவை அலைக்குக் கொடுத்தவன். முன்பின் அறியாத ஒருவர் வந்து அவன் குடிசைச் சேற்றை வாரினார். பேச்சற்றுக் கிடந்தவன் அருகில் இரவெல்லாம் அமர்ந்திருந்தார். இவரை இங்கு வரச்செய்தது எது என்று அவன் உள்ளம் கேட்டது. கிறித்துவின் பெயர் விடையாக வந்தது; அதைப் பற்றிக்கொண்டான். இது விலைபோதலா? அரிசிக்கு மாறினான் என்பவன், ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டு, நெஞ்சு இல்லை என்கிறான். இதனினும் கொடிய இழிப்புரை வேறுண்டா?

கிள்ளைப் பக்கத்து இருளரைப் பாருங்கள். கழிநீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர். படகில்லை; மீனவர் கணக்கில் பெயரில்லை; சாதிச் சான்றிதழுக்கே ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். படகுக்கும் வலைக்கும் இழப்பீடு பகுத்தபோது இவர்கள் கணக்குக்கு வெளியே நின்றனர். துயர்துடைப்புப் புகலிடங்களில் தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கப்பட்டதை மாந்தவுரிமை அமைப்புகள் எழுதிவைத்துள்ளன. நாகையில் அழுகிய உடல்களை அகற்ற வேற்றூர்த் துப்புரவுத் தொழிலாளர் கொணரப்பட்டனர். அலை சாதி பாராமல் அடித்தது. பந்தியோ சாதி பார்த்தது! கிள்ளையிலிருந்து பத்துக் கல்லுக்குள் இருக்கிறது தில்லை. நந்தனைத் தீயில் புகவைத்தே உள்ளே விட்டதாகக் கதை சொல்லும் ஊர். சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட 2008இல் அரசாணையும் காவலர் துணையும் வேண்டியிருந்த ஊர். தமிழையே தடுத்த கோயிலைப் பார்த்துக் கொதிக்காதவர், வெளியே நிறுத்தப்பட்டவன் வேறு வாயிலில் நுழைந்தால் மட்டும் கொதிப்பது எந்த முறை?

2002இல் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004இல் திரும்பப் பெற்றது. சட்டம் சேறு வாருமா? தில்லையை அடுத்த மருதூரிற் பிறந்த வள்ளலார் சட்டம் கேட்கவில்லை; 1867இல் வடலூரில் அடுப்பு மூட்டினார். வருபவரின் சாதி கேளாமல், மதம் கேளாமல் அது இன்றும் எரிகிறது. அதுபோல் ஓரடுப்பைக் கடற்கரையில் மூட்டாதவர்க்குக் கிறித்தவன் அடுப்பைக் குறைகூற வாயேது?

மறுபக்கத்தையும் மறைக்க வேண்டா. நம்பினால் வீடு, நம்பாவிடில் வெறுங்கை என்று பேரம் பேசியதாகச் சிலர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. மெய்யாயின் அது தொண்டன்று, பிணவணிகம். 1876–78 பெருவற்கடத்தில் ஓங்கோல் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர் சான் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரைக் கல் வெட்டும் ஒப்பந்தம் எடுத்துப் பசித்தவர்க்குக் கூலி தந்தார். துயர்துடைப்பு நடந்தவரை எவர்க்கும் திருமுழுக்குத் தர மறுத்தார். கூலிக்கு வந்தவரென எவரும் பழிக்கக் கூடாதென்பதே கரணியம். துயர்துடைப்பு முடிந்தது, கூலியும் நின்றது. மக்கள் நின்றுவிடவில்லை. 3-7-1878 அன்று ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். பெரும்பாலோர் மாதிகர் என்னும் தோல் தொழிலாளர். கொடுத்த கை மூடிய பின்னும் வந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம்பாதவர்க்கு இறைவன் தந்த ஒறுப்பே பேரலை என்பாரும் உளர். அவர்கள் வேளாங்கண்ணியை நினைக்கட்டும். மாதாவைத் தொழவந்தோர் பல நூற்றுவர் அன்று அக்கரையில்தான் மாண்டனர். நிலத்தட்டு நழுவியதற்கு மறைநூலில் விளக்கம் தேடுவது மடமை.

தமிழர் கேட்கவேண்டியது வேறு. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துகீசியரின் காப்பை நாடிக் கிறித்தவராயினர். கூடவே பெர்னாண்டோ முதலிய பெயர்கள் வந்து ஒட்டின. இன்றளவும் உதிரவில்லை. இத்தாலியிலிருந்து வந்த பெசுகி வீரமாமுனிவராகிச் சதுரகராதி தந்தார். வந்தவன் தமிழ்ப்பெயர் பூண, இருந்தவன் அயற்பெயர் சுமப்பதா? கிறித்துவைத் தொழ அந்த மீனவனுக்கு முழு உரிமை உண்டு. அவன் மகள் கயல்விழி, திருமுழுக்குக்குப் பின்னும் பதிவேட்டில் கயல்விழியாகவே நிற்கட்டும். பேதுருவை இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும் அழைத்த சபைக்கு இது புதிதன்று.